அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது நாம் முதலில் கேட்பது, எத்தனை லட்சத்துக்கு என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி, அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்பது. 5 லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகை 1 சதவீதம் என்றிருந்தால், வரம்பு 5,000 ரூபாய். நோயாளியை 10,000 ரூபாய் அறையில் சேர்த்தால் கூடுதல் வாடகை மட்டும்தானே நம் தலையில் விழும் என்று நினைப்போம். அப்படி அல்ல. வாடகை இரு மடங்கானதால் மருத்துவர் கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. அந்தக் கட்டணங்கள் 2 லட்சம் என்றால், 1 லட்சம் நம் கையிலிருந்து போகும். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனைச் செலவுகளில் இப்படிக் குறைக்கக் கூடாது என்பது விதி.

வாடகைக்காக மற்ற கட்டணங்களிலும் குறைப்பது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர்ந்தால் அதே சிகிச்சைக்கும் கட்டணம் உயர்கிறது. அதனால் இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே அதைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. பாலிசி ஆவணத்தின் இத்தனை பக்கங்களை யார் படிப்பது என்பதும் நியாயமான கேள்விதான். அதற்காகவே முக்கிய நிபந்தனைகளை எளிமையாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியிருக்கிறது. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. அந்த 30 நாட்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அறை வாடகை வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.