விதியும் நட்டஈடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பயனுள்ள விஷயமாக ஏதேனும் பேச வேண்டுமென்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். யோசித்தபொழுது எனக்கு ஞாபகம் வந்தது என் சித்தப்பாவின் வலக்கைதான்.

சித்தப்பா ஒரு தோட்டத்து இஸ்டோரில் ரோலரில் வேலை செய்தவர். ஓடிக்கொண்டிருந்த மெஷினில் சிக்கிய கொழுந்தைத் தள்ளிவிடக் கையை நீட்டினார். இரண்டு விரல்கள் போய்விட்டன. தோட்ட ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஒரு மாதம் லயத்தில் கிடந்தார். பிறகு கொஞ்சம் பணம் கொடுத்து, ஒரு தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தார். இலேசான வேலை தருவதாகச் சொன்னார்கள், அதையும் தந்தார்கள். சாகும்வரைக்கும் அவர் சொல்லி வந்தது ஒன்றுதான்: "மெஷின் மேலே குத்தம் சொல்லி என்ன தம்பி, நான்தானே கையை வச்சேன். எல்லாம் தலையெழுத்து."

அவர் நல்லவர். ஆனால் அவர் சொன்னது சட்டப்படி பிழை. அதை அவருக்குச் சொல்லக்கூடிய ஒருவர்கூட அன்று எங்கள் லயத்தில் இருக்கவில்லை.

இலங்கையில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நம்மில் பலருடைய பாட்டன்மார் கொழுந்துக் கூடை சுமந்த காலத்திலேயே அது பிறந்துவிட்டது. அந்தச் சட்டம் "யார் குற்றம்?" என்று முதலில் கேட்பதில்லை. விபத்து வேலையின்போது நேர்ந்ததா, வேலையின் காரணமாக எழுந்ததா என்றுதான் கேட்கிறது. இரண்டுக்கும் ஆம் என்றால் முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். தொழிலாளி சற்றுக் கவனக்குறைவாக இருந்தார் என்பது ஒன்றே அவருடைய உரிமையை அழித்துவிடாது. குடிபோதையில் இருந்து காயப்பட்டால், வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினால், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினால் அது வேறு கதை. சித்தப்பா இந்த மூன்றில் எதையும் செய்தவரல்லர்.

இந்த எண்ணம் நம் நாட்டில் முளைத்ததன்று. ஜெர்மனியில் 1884இலும், இங்கிலாந்தில் 1897இலும், இந்தியாவில் 1923இலும் இதற்குச் சட்டம் செய்தார்கள். தோட்டந்துரவுகளில் உழைப்பவர்களையும் சேர்க்க வேண்டுமென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1921இல் ஓர் உடன்படிக்கையே செய்தது. ஸ்கொத்லாந்தில் ஒரு பெண் கொட்டகைக்குள் இருந்து மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காணியில் கட்டிக்கொண்டிருந்த சுவர் இடிந்து கூரைமேல் விழுந்தது. சுவருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி பக்கத்தில் வாதித்தார்கள். அவள் அந்த இடத்தில் இருந்ததே வேலைக்காகத்தானே என்று 1917இல் பிரபுக்கள் சபை அவள் பக்கம் தீர்ப்பளித்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டினால், "குளவியைத் துரையா வளர்த்தார்?" என்று கேட்பவர்களுக்கு இந்த மீன்காரியின் கதையைச் சொல்லுங்கள்.

கைநாட்டு வைத்த தாளுக்கு வருவோம். நட்டஈட்டு உரிமையையே விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின்படி செல்லாது. மரணம் நேர்ந்தால் நட்டஈட்டுப் பணத்தை நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்ட வேண்டும். அவர்தான் அதைத் தங்கி வாழ்ந்தவர்களுக்குப் பங்கிடுவார். செத்த வீட்டில் வைத்து ஒரு கவரைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. கைக்காசுக்குப் பறித்தவர்களும் தமக்கு ஒன்றும் கிடையாதென்று தாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. கேட்டுப் பார்க்க வேண்டும்.

உரிமை இருந்தும் நம்மவர்கள் தோற்பது கடதாசியில்தான். விபத்தை உடனே ஐயாமாரிடம் அறிவித்துப் பதியச் செய்வதில்லை. ஆஸ்பத்திரித் துண்டை அடுப்புக்குப் பக்கத்தில் செருகி வைத்துத் தொலைத்துவிடுகிறார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். தகப்பன் இறந்த பிறகு, நான் இன்னாருடைய மகள் என்று நிரூபிக்க ஒரு பெண்பிள்ளை அலைவதைப் போன்ற துன்பம் வேறில்லை. உயிரோடிருக்கும்போதே பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள், பெரியோர்களே.

தெருவிலே நடக்கும் விபத்து வேலை சம்பந்தப்படாததாயின் வேறு வழி. அங்கே ரோமன் டச்சுச் சட்டம். எதிராளியின் குற்றத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். ஆகவே போலிஸ் முறைப்பாடும், வாகன இலக்கமும், கண்டவர் பெயரும் முக்கியம். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை நாமெல்லாரும் அறிவோம். நம் மலைப் பாதைகளில் இது புதிதன்று. சாரதி கண் சொக்குவதைக் கண்டால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். பஸ்ஸிலுள்ளவர்கள் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இன்னும் சில. இஸ்டோரில் மெஷினை நிறுத்தாமல் சிக்கலை எடுக்க வேண்டாம். நிறுத்தினால் ஐயா ஏசுவார் என்று பயந்தே பல விரல்கள் போயிருக்கின்றன. அசையும் பாகங்களுக்குத் தடுப்பு வைப்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி உடையவரின் கடமை, தடுப்பில்லாவிட்டால் கேளுங்கள். முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றாமல் தோளில் கொண்டு போகாதீர்கள். குளவிக்கூடு கண்ட மரத்தை அன்றே கங்காணியிடம் காட்டுங்கள். குளவி கலைந்தால் முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுங்கள். கொட்டுப்பட்டவருக்கு முகம் வீங்கி மூச்சு முட்டினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மண்சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 அக்டோபர் 29ந் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறிடம் இருந்ததா என்ற கேள்வி நியாயமானதே. அதைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். ஆனால் அடைமழையில் சுவர் வெடித்து, மரம் சாய்ந்து, ஊற்று நீர் திடீரெனக் கலங்கி வந்தால், சாமான் கட்டிக்கொண்டிராமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

வாலிப அன்பர்களே, உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். சங்கத்து மேசையில் ஒரு கொப்பி வையுங்கள். தோட்டத்தில் விபத்து நேர்ந்த அன்றே தேதி, நேரம், மலை இலக்கம், கண்ட இருவர் பெயர், ஆஸ்பத்திரித் துண்டின் இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் வந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கொப்பிக்கான பணத்தை நான் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது நெடுநாள் அப்படியே இருக்கட்டும்.