முன்பக்கச் சத்தம்

காரை மெக்கானிக்கிடம் விட்டு, "முன்பக்கம் ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால், பல இடங்களில் முதலில் கைவைப்பது ஷாக் அப்சார்பரில்தான். பில்லும் அதற்குத்தான் பெரிதாக வரும்! சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளங்களில் 'டக் டக்' என்றால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் புஷ். விலை குறைந்த சாமான்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'கட கட' என்றால், சஸ்பென்ஷன் மேல் பழி போட வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் வெளி ஜாயின்ட்டைப் பாருங்கள். வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடினால் வீல் பேரிங், இல்லையென்றால் டயர் தேய்மானம்.

அதிர்வு வேறு கதை. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கினால், முதலில் வீல் பேலன்சிங். பிரேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்.

தள்ளிப்போடவே கூடாதது பால் ஜாயின்ட். அது கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட்டோ பேரிங்கோ போயிருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்ட். அதை மாற்றினால், வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.