வளரும் பிள்ளைகளும் வழிவழி வந்த விழாக்களும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)

 

யூபிலி என்றால் கடந்துபோன ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். நான் வரப்போகும் ஆண்டுகளைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். இதோ, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் இந்தச் சிறுவர் சிறுமியர் நம் பங்கின் அடுத்த யூபிலிக்கு வருவார்களா? வந்து, தங்கள் பிள்ளைகளையும் இதே பாயில் உட்கார வைப்பார்களா? நம் வீட்டு விழாக்களில் இன்று அவர்களுக்கு என்ன இடம் கொடுக்கிறோம் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

விழாக்களுக்குப் பஞ்சமில்லாத மண்ணில் நாம் வாழ்கிறோம். திருமலை நாயக்கர் காலத்தில், 1645-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டப்பட்ட தெப்பக்குளம் நம் அருகிலேயே இருக்கிறது. தைப்பூசத்தன்று தெப்பம் மிதக்க, கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் அதே குளத்திற்குள் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். விழாவோ நிலைத்தெப்பமாக நடந்தது. சித்திரைப் பௌர்ணமியில் வைகையில் இறங்கும் அழகர், அன்றிரவு நம் வண்டியூருக்கு வந்து வீரராகவப் பெருமாள் கோவிலில் தங்குகிறார். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் வாடிவாசல் திறக்கிறது. இவற்றின் நடுவில் நம் கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா, மாதா திருநாள், கல்லறைத் திருநாள் எல்லாம் வருகின்றன.

இந்த மண்ணின் வழக்கமும் நம் விசுவாசமும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-ல் மதுரைக்கு வந்தார். சந்தனம் பூசுதல் போன்ற வழக்கங்களைக் கிறிஸ்தவர்கள் கைக்கொள்ளலாமா என்ற பெரும் வாக்குவாதத்தில், 1623-ல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிற்காலத்தில் கட்டுப்பாடுகள் வந்தன. என்றாலும் 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த மக்களின் நல்ல வழக்கங்களை மதித்து ஏற்கும்படி வழி திறந்தது. இன்று பல ஆலய வளாகங்களில் பொங்கல் பானை பொங்குகிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை நீண்ட கதை இருக்கிறது.

வயது ஏற ஏற வேலையும் ஏற வேண்டும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஐந்து வயது வரை பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில், அதே இடத்தில், அதே மாதிரி நடந்தால் போதும். குடிலில் எரியும் சின்ன விளக்கும், விடியற்காலை எண்ணெய்ச் சட்டியின் மணமும் மனத்தில் பதிந்துவிடும்.

ஆறு வயதிலிருந்து பிள்ளைக்கென்று ஒரு வேலை வேண்டும். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த ஊர் நம் ஊர். அந்தக் கைப்பழக்கத்தை நம் குடிலுக்கும் கொண்டு வரலாம். டிசம்பர் பத்துக்குள் ஒரு பழைய தகர டப்பாவில் மண் நிரப்பி, கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். திருநாளுக்குள் குடிலுக்குப் பச்சைப்புல் தயார். குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கக் கற்றுக்கொடுங்கள். அதைச் சுவாமி படத்தின் பின்னால் செருகி வைப்பதும், அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முன் மறவாமல் கோவிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்தப் பிள்ளையின் கடமையாகட்டும். பழைய குருத்தோலைதான் நெற்றியில் பூசும் சாம்பலாகிறது என்பதைத் தன் கையால் அறிந்த பிள்ளை மறக்கவே மறக்காது.

பலகாரத் தட்டைப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோகும் வேலையும் பிள்ளைகளுடையதே. தீபாவளிக்கு வந்த தட்டு வெறுமனே திரும்பாது. ரமலானில் நோன்புக் கஞ்சி வந்த பாத்திரமும் அப்படியே. "அம்மா கொடுத்துவிட்டார்கள் அத்தை" என்று சொல்லி நிற்கும் பிள்ளை, அண்டை அயலாரோடு வாழும் முறையைப் படிப்பின்றியே கற்றுக்கொள்கிறது.

பதின்மூன்று வயதுக்கு மேல்தான் சோதனை. "எனக்குத் தூக்கம் வருகிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்று பையன் சொல்கிறான். பெண் பிள்ளை கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. பெற்றோர் கோபிக்கிறோம். ஆனால் பத்து வயதில் செய்த சிறுபிள்ளை வேலையையே பதினைந்து வயதிலும் கொடுத்தால் யார்தான் நிற்பார்கள்? நட்சத்திரம் கட்டுவது, சீரியல் பல்பு வாங்குவது, வரவு செலவு எழுதுவது, கீத பவனிக்கு வீட்டு வரிசை போடுவது ஆகியவற்றை முழுமையாக அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். குடில் சற்றுக் கோணலாக இருக்கட்டும். நான்கு பேர் முன்னிலையில் அதைப் பிரித்து நாம் மறுபடி கட்டினால், அடுத்த ஆண்டு அவன் கயிற்றைத் தொடமாட்டான். தெப்பத்திருவிழாவிலேயே பார்க்கலாம்: வடத்தைப் பிடித்தவன் கடைசிவரை நிற்கிறான், வேடிக்கை பார்த்தவன் பலூன் கடைக்குப் போய்விடுகிறான்.

கேள்வி கேட்கும் உரிமையும் இந்த வயதுக்குரியது. யூதர்களின் பாஸ்கா இரவு விருந்தில், "இந்த இரவு ஏன் இப்படி?" என்ற பொருளில் கேட்பது வீட்டின் இளைய பிள்ளையின் பணி. நம் ஆண்டவரும் பன்னிரண்டு வயதில், ஆண்டுதோறும் போகும் வழக்கப்படி பெற்றோருடன் எருசலேமுக்குச் சென்றார். அங்கே போதகர்கள் நடுவில் அமர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே, "ஏன் கஞ்சி குடிக்க வேண்டும், ஏன் கல்லறைக்குப் பூ?" என்று பிள்ளை கேட்டால் அதட்ட வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள்.

இரண்டு குறைகள்

தாய்மார்கள் சார்பாக ஒன்று சொல்ல வேண்டும். மகளுக்கு அடுப்படி, மகனுக்கு வெடி என்று பிரித்து வைத்திருக்கிறோம். முறுக்குப் பிழிய மகனுக்கும் கை இருக்கிறது. திருநாளன்று அம்மா களைத்துச் சுருண்டு படுத்திருந்தால், அந்த வீட்டு மகள் நாளை தன் வீட்டில் அந்த வழக்கத்தைத் தொடர விரும்புவாளா?

மற்றொன்று கடன். வட்டிக்கு வாங்கி எல்லோருக்கும் புத்தாடை எடுத்துவிட்டு, தை மாதம் முழுவதும் வீட்டில் சண்டை என்றால் பிள்ளையின் நினைவில் சண்டைதான் தங்கும். மேலே சொன்ன கேழ்வரகுக்கும் ஓலைக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.

மாற்றத்திற்கு அஞ்ச வேண்டாம்

பிள்ளைகள் வளர்ந்து சென்னை, கோவை, வளைகுடா நாடு என்று பிரிந்து போகிறார்கள். மகள் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். "திருநாளன்றே வந்தாக வேண்டும்" என்று அடம்பிடிப்பதால் வருத்தமே மிஞ்சும். அவர்கள் வரும் ஞாயிறு எதுவோ, அதைக் குடும்ப விருந்து நாளாக வைத்துக்கொள்ளலாம். இதில் குறைவொன்றும் இல்லை. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் நடந்த அழகர் விழாவையும் மதுரையோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். இன்றும் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான்! நாள் மாறியும் விழா வாழ்கிறது.

2020-ஆம் ஆண்டை நாம் மறக்க முடியாது. கொரோனாவினால் ஆலயக் கதவுகள் அடைபட்டன. ஏப்ரல் 5-ஆம் தேதி குருத்து ஞாயிறு பவனி இல்லை. அழகரும் அந்த ஆண்டு ஆற்றுக்கு வரவில்லை. அப்போது எல்லாவற்றையும் கோவிலிலேயே விட்டுவைத்திருந்த வீடுகளுக்குத் திருநாள் வெறும் நாளாகப் போயிற்று. வீட்டில் ஜெபிக்கவும், ஓலை மடிக்கவும், கஞ்சி காய்ச்சவும் பிள்ளைகளைப் பழக்கியிருந்த வீடுகளில் திருநாள் நடந்தது. பிள்ளைகளின் கையில் இருக்கும் வழக்கத்தை எந்தப் பூட்டும் நிறுத்த முடியாது.

ஆகவே அன்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வரும் திருநாளில் யாருக்கு எந்த வேலை என்று பேசி முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு வேலையையாவது முழுவதுமாக அவர்களிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் சற்று விலகி நில்லுங்கள். அடுத்த யூபிலி மலரில் எழுதப் போகிறவர்கள் அவர்கள்தாம்.