படுத்தால் கூடும் நாரி நோ

காரைதீவில் கரைவலை இழுப்பவருக்கு நாரி நோவது புதினமில்லை. எண்ணெய் போட்டு உரஞ்சி, இரண்டு நாள் படுத்தால் மாறும். ஆனால் படுத்தால் கூடுகிற நாரி நோவும் உண்டு. இருபது வயதுப் பொடியன் விடியப்புறம் நோவோடு எழும்புவான்; அரை மணித்தியாலம் நடந்த பிறகுதான் விறைப்பு விடும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இழுத்தால் முள்ளந்தண்டு மூட்டு அழற்சியா என்று பார்த்தே ஆகவேண்டும்.

எக்ஸ்ரே எலும்பு அரிபட்ட பிறகுதான் காட்டும். அதற்கு வருடங்கள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. முந்திக்கொள்ளும். அது உடம்பின் ஐதரசன் அணுக்களைக் காந்தப்புலத்தில் வைத்து, ரேடியோ அலையால் உசுப்பி, திரும்பி வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. எக்ஸ்ரேயில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. அழற்சி கண்ட என்பு மச்சையில் நீர் கூடும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்த படத்தில், முள்ளந்தண்டின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டோரம் அது வெள்ளையாகத் துலங்கும். 2009இல் வந்த சர்வதேச வகைப்பாட்டு விதிகளே இந்த அடையாளத்தை ஏற்றுக்கொண்டன.

படம் மட்டும் போதாது. ஓட்டக்காரருக்கும், பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அதே இடம் வெளுத்துத் தெரிவதுண்டு. இதே எம்.ஆர்.ஐ.யை, கைமூட்டுகளைத் தாக்கும் இன்னொரு அழற்சியான முடக்குவாதத்துக்கும் எடுப்பதுண்டு. அதற்கு அடிக்கடி ஸ்கேன் வேண்டுமா? நோய் அடங்கியிருந்த 200 பேரை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது: எம்.ஆர்.ஐ. பார்த்து மருந்தைக் கூட்டியதால் மூட்டுச் சேதம் குறையவில்லை. ஆகவே பணம் கட்டி அடிக்கடி எடுக்க அவசரப்பட வேண்டாம். முதலில் வைத்தியரிடம், நோ எத்தனை மணிக்கு எழுப்புகிறது, நடந்தால் குறைகிறதா என்பதைச் சொல்லுங்கள்.