ஓயாமல் ஓடும் ‘ரன்’

கிரிக்கெட்டில் நாம் எண்ணுகிறோமே, அந்த ‘ரன்’. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த வினைச்சொல்லுக்கான விளக்கத்தைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. தேறிய பொருள்கள் 645!

ஆள் ஓடினாலும் ரன், ஆறு ஓடினாலும் ரன். கடை நடத்துவது, துணியில் சாயம் போவது, சளி பிடித்து மூக்கு ஒழுகுவதுகூட ரன்தான். தேர்தல் என்றால் அமெரிக்கர்கள் ஓடுவார்கள். பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போல நிற்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் மிக நீளமான விளக்கம். அதை ரன் முந்தியதில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில், கடிகாரம், கம்ப்யூட்டர் புரோகிராம் என்று எல்லாவற்றையும் ஓடவிட்டார்களே!