எழுதிய பைட்டு எங்கே இருக்கிறது?



வன்பொருளுக்கும் பயனர் நிரல்களுக்கும் நடுவே நின்று நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டுக் கொடுக்கும் உட்கரு, அதாவது கெர்னல், கோப்புகளை அடித்தளத்தில் எவ்வாறு கையாளுகிறது என்பதே இக்கருத்தரங்கின் பொருள். திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் நான்கும் பாடநூலில் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுவதால், இத்துறையில் இனி ஆராய ஏதுமில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், உட்கரு நிரல்களுக்கு எதை உறுதியளிக்கிறது, எதை உறுதியளிக்கவில்லை என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகும் முழுமையாக எழுதி வைக்கப்படவில்லை. இவ்வுரை வலியுறுத்த விரும்புவதும் அதையே.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், கோப்பை அதன் பெயரிலிருந்து பிரித்து வைத்தது. கோப்பின் உரிமையாளர், அளவு, தரவு இருக்கும் வட்டுக் கட்டங்களின் முகவரிகள் ஆகியவற்றைத் தாங்கும் சிறு பதிவுக்கு ஐநோடு என்று பெயர். அதில் கோப்பின் பெயர் இல்லை. பெயர் அடைவில் இருக்கிறது. ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அடைவின் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டுகள் கொண்டதாக இருந்தது. அவற்றுள் 2 பைட்டுகள் ஐநோடு எண்ணுக்கும் 14 பைட்டுகள் பெயருக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொரு நிரல் அழித்தாலும் முதல் நிரல் தடையின்றிப் படித்துக்கொண்டே இருப்பதற்கு இப்பிரிவினையே காரணம்: அழிந்தது பெயர் மட்டுமே. இவ்வளவு தெளிவாக அமைந்த பகுதியைப் பற்றிச் சர்ச்சை எழுவதில்லை. சர்ச்சையெல்லாம் எழுதுதலைச் சுற்றியே நடக்கிறது.

ரைட் என்னும் முறைமை அழைப்பு, அதாவது பயனர் நிரல் உட்கருவிடம் விடுக்கும் வேண்டுகோள், லினக்ஸில் செல்லும் வழி இது. நிரல் கொடுக்கும் சிறு எண்ணைக் கொண்டு உட்கரு அச்செயல்முறைக்குரிய அட்டவணையில் திறந்த கோப்பின் பதிவைக் கண்டு, அங்கிருந்து ஐநோடுக்குச் சென்று, பெரும்பாலும் 4096 பைட்டு அளவுள்ள நினைவகப் பக்கங்களில் தரவைப் படியெடுத்து, அப்பக்கங்களை 'அழுக்கு', அதாவது இன்னும் வட்டில் எழுதப்படாதவை, என்று குறித்துவிட்டு, இத்தனை பைட்டுகள் எழுதப்பட்டன என்று விடை சொல்லித் திரும்புகிறது. வட்டு இதுவரை இந்தப் பேச்சில் நுழையவே இல்லை. வழக்கமான அமைப்பில் 5 வினாடிக்கொருமுறை விழிக்கும் பின்னணி வேலையாள் ஒன்று, 30 வினாடிக்கு மேல் அழுக்காகக் கிடக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்புகிறது. இடையில் மின்சாரம் நின்றால் அத்தரவு போனதுதான். காத்திருக்க இயலாத நிரல் எஃப்சிங்க் என்னும் அழைப்பை விடுக்க வேண்டும். தரவு வட்டைச் சேர்ந்த பின்னரே அது திரும்பும். கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவதற்கும் ஒப்புகை அட்டை கையில் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடே ரைட்டுக்கும் எஃப்சிங்குக்கும் உள்ள வேறுபாடு.

இந்த வேறுபாட்டைப் பல நிரலாளர்கள் 2009-இல்தான் உணர்ந்தனர். அதற்கு முன் பரவலாக இருந்த எக்ஸ்ட்3 கோப்பு முறைமை, வழக்கமான அமைப்பில், ஏறத்தாழ 5 வினாடிக்கொருமுறை ஜர்னலை, அதாவது மாற்றங்களின் முன்பதிவேட்டை, உறுதி செய்வதற்கு முன் தரவையும் வட்டில் இறக்கிவிடும். அது வாக்குறுதி அன்று, அமைப்பின் விளைவு மட்டுமே. எக்ஸ்ட்4, வட்டில் இடம் ஒதுக்குவதையே கடைசி நேரம்வரை தள்ளிப்போட்டது. அதனால், புதிய கோப்பில் எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டும் நிரல்களில், பெயர்மாற்றம் வட்டை எட்டித் தரவு எட்டாத நிலையில் கணினி நின்றுபோக, பயனரின் அமைப்புக் கோப்புகள் சுழியம் பைட்டுகளாகக் கிடந்தன. எஃப்சிங்க் அழைக்காதது நிரலின் குறையே என்று எக்ஸ்ட்4-ஐப் பேணிய தியோடர் சோ விளக்கினார். தரநூலின்படி அது சரிதான். ஆயினும் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நடந்துவந்த வழக்கம், எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தமாகவே கருதத்தக்கது. இத்தகைய பெயர்மாற்றத்தை அடையாளம் கண்டு தரவையும் உடன் அனுப்பும் திருத்தம் 2.6.30 பதிப்பில் சேர்க்கப்பட்டது இதற்குச் சான்று.

2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் கண்டறிந்தது இன்னும் ஆழமான சிக்கல். பக்கத்தை வட்டில் எழுதும்போது பிழை நேர்ந்தால், லினக்ஸ் அப்பக்கத்தைத் தூயது என்று குறித்துவிட்டு, அடுத்து வரும் எஃப்சிங்க் அழைப்புக்குப் பிழையைத் தெரிவித்துவிடும். தரவுத்தளமோ, பிழை வந்தால் மீண்டும் முயலலாம் என்று கருதி எஃப்சிங்கை மறுபடி அழைத்தது. இம்முறை அழுக்குப் பக்கம் ஏதும் இல்லாததால் வெற்றி என்றே விடை வந்தது. அதை நம்பித் தரவுத்தளம் தன் சொந்த முன்பதிவேட்டைக் கழித்துவிட்டால், தரவு எங்கும் இல்லை. உட்கரு தரப்புக்கும் நியாயம் இருந்தது: பிடுங்கப்பட்ட யூஎஸ்பி வட்டுக்கு உரிய பக்கங்களை என்றென்றும் அழுக்காகவே வைத்திருந்தால் நினைவகம் நிரம்பிவிடும். ஃபிரீபிஎஸ்டி இதே சூழலில் பக்கத்தை அழுக்காகவே விட்டு மறுமுயற்சிக்கு இடம் கொடுக்கிறது என்பதால், ஒரே பெயருள்ள ஓர் அழைப்பு இரண்டு இயங்குதளங்களில் இரண்டு பொருள் தருகிறது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாமல் தன்னையே நிறுத்திக்கொண்டு, முன்பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது. முரட்டு வழிதான், அதைவிட நாணயமான வழி அப்போது இருக்கவில்லை.

இவற்றைத் தற்செயல் நிகழ்வுகள் என்று ஒதுக்க முடியாதபடி செய்தது, விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையை முதல் ஆசிரியராகக் கொண்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு. கணினி எந்தக் கணத்தில் நின்றாலும் வட்டில் எஞ்சக்கூடிய நிலைகளைக் கணித்துப் பார்க்கும் கருவியை உருவாக்கி, கிட், ஸ்க்யூலைட் உள்ளிட்ட 11 மென்பொருள்களைச் சோதித்ததில் 60 பலவீனங்கள் வெளிப்பட்டன. எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல் வட்டை எட்டும் என்பதில் கோப்பு முறைமைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே அவற்றுட் பலவற்றின் வேர்.

ஆகவே இங்கு வாசிக்கப்படவுள்ள கட்டுரைகள் வேகத்தை அளப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் அழைப்பும் திரும்பும் கணத்தில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்லுமாயின் இத்துறைக்குப் பெரும் பயன் விளையும். புதிதாக உருவாக்கிய கோப்பை எஃப்சிங்க் செய்தாலும், அதன் பெயரைத் தாங்கும் அடைவும் வட்டை எட்டிவிட்டது என்று கொள்ள இயலாது, அடைவையும் தனியே திறந்து எஃப்சிங்க் செய்ய வேண்டும் என்று லினக்ஸ் கையேடு சொல்கிறது. அதே வேளையில் சில கோப்பு முறைமைகள் கேட்காமலேயே அதைச் செய்து விடுகின்றன. இவற்றுள் எதை நம்பி நிரல் எழுதுவது என்ற கேள்வியிலிருந்தே முதல் அமர்வு தொடங்கலாம்.