யோசனை மலையில், தொழில் கொழும்பில் – ஏன்?

(தோட்டப் பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நலன்புரிப் பகுதியினர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சுகாதாரம், சேமிப்பு, குடிப்பழக்கம் பற்றித்தான் நாங்கள் பேசுவோம். இன்றைக்கு விஷயம் வேறு. தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினார்கள். வழியனுப்பி நின்ற ஒரு தாய் எங்களிடம், "ஏன் ஐயா, புதுசா வர்ற தொழில் எல்லாம் அங்கேயே இருக்கு?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்ததை இன்று சொல்கிறோம்.

கொழும்பு ஆட்களுக்கு மூளை அதிகம், நமக்குக் குறைவு என்று சிலபேர் நினைக்கிறார்கள். அது பிழை. பழைய கதையைக் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு காலத்தில் இந்த நாட்டின் புதிய தொழில்கள் மலையில்தான் பிறந்தன. அது கோப்பிக் காலம். பழத்தின் தோலை உரிக்க மிசின் வேண்டும். மிசின் உடைந்தால் திருத்த ஆள் வேண்டும். 1854 இல் ஜோன் வாக்கர் என்பவர் கண்டியில் தொழில் தொடங்கினார். 1875 இல் பிரவுண் கம்பனி நம்ம ஹட்டனில் தொடங்கியது. மிசின் உடைகிற இடமும் திருத்துகிற பட்டறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதுதான் காரணம்.

தேயிலையும் அப்படியே. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பங்களா வராந்தாதான் அவருடைய முதல் ஸ்டோரு. கொழுந்தைக் கையாலேயே உருட்டி, கரி அடுப்பில் காய வைத்தார்கள். பிறகுதான் அவர் உருட்டும் மிசின் செய்தார். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கொழுந்தை உருட்டிய கைகள் யாருடையவை? நம்ம முன்னோர்களுடையவை. 1869 இல் கோப்பியில் இலைநோய் கண்டு, பிறகு கோப்பி அழிந்தபோது, நாட்டைத் தாங்கிப் பிடித்தது அந்த வராந்தாவில் தொடங்கிய தொழில்தான்.

பிறகு எப்படி எல்லாம் கீழே இறங்கிப் போனது? 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. 1885 இல் நானுஓயா வரை வந்தது. தேயிலைப் பெட்டிகள் சுலபமாகக் கொழும்புக்குப் போயின. 1883 இல் அங்கே தேயிலை ஏலம் தொடங்கியது. துறைமுகம், வங்கி, வாங்குபவர், தரகர் எல்லாரும் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டார்கள். மலையில் பிறந்த கம்பனிகளும் பின்னாளில் அங்கேயே போய்விட்டன. கொழுந்து பறிக்கிறது இங்கே. விலை பேசுறதும் பெயர் வைக்கிறதும் அங்கே என்றாயிற்று.

இன்றைக்கும் மேல் மாகாணம் நாட்டின் நிலத்தில் சுமார் 6 வீதம்தான். ஆனால் நாட்டின் உற்பத்தியில் 40 வீதத்துக்கு மேல் அங்கிருந்தே வருகிறது.

அரசாங்கங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அதுவும் கொழும்புக்குப் பக்கத்தில்தான். 1992 இல் 200 கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. பல குடும்பங்களுக்குச் சம்பளம் கிடைத்தது. அதை நாம் மறக்கக்கூடாது. ஆனால் எதைத் தைப்பது, யாருக்கு விற்பது என்ற யோசனை ஊருக்கு வரவில்லை. கட்டடமும் தையல் மிசினும்தான் வந்தன.

மலையிலேயே புதுமை நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1925 இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. நாம் 'வீ.பீ. தேயிலை' என்று சொல்கிறோமே, அந்தப் பதியன் இனங்களில் பேர்போனவை அங்கிருந்து வந்தவைதான். படித்தவர்கள், கருவிகள், பணம் ஆகியவற்றைத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள், பலன் கிடைத்தது.

இனி நம்ம இடத்துக் கதைக்கு வருவோம். கொழும்பில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்த ஒரு தம்பி பொங்கலுக்கு வந்திருந்தார். கொழுந்து வெட்டும் கத்தரியின் பாரத்தில் அம்மாவுக்குத் தோள் வலி. அதைப் பார்த்துவிட்டு, மெல்லிய அலுமினியத்தில் தட்டு செய்து கத்தரியில் பொருத்தினார். பாரம் குறைந்தது. பத்துப் பதினைந்து பெண்கள், "எனக்கும் ஒண்ணு செஞ்சு தா தம்பி" என்று கேட்டார்கள்.

யோசனை இருந்தது, கைத்திறன் இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். காணி உறுதி கேட்டார்கள். லயத்துக்கு ஏது உறுதி? வங்கி அனுப்பிய கடிதமும் தோட்ட ஆபிசில் கிடந்து, தவணை முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. பட்டறை போட ஒரு கொட்டில்கூட இல்லை. அந்தத் தம்பி மறுபடி கொழும்புக்கே போய்விட்டார். இப்போது அங்கே தட்டு செய்து லொறியில் மலைக்கு அனுப்புகிறார். அவருடைய அம்மாவே பார்சலில் வாங்குகிறார்.

இதில் எங்கள் பிழையும் உண்டு. ஸ்டோருக்குப் பின்னால் சாமான் கொட்டில் பூட்டியே கிடந்தது. அதைத் தரும்படி துரையிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே இப்போது மூன்று காரியம் செய்யப்போகிறோம். ஒன்று, அந்தக் கொட்டிலை இளைஞர் பட்டறைக்காக எழுத்தில் கேட்கிறோம். இரண்டு, கடிதங்களை ஆபிசிலிருந்து அன்றன்றே வீடு சேர்க்க ஒரு ஆளை நியமிக்கச் சொல்கிறோம். மூன்று, கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்களோடு நாங்களும் கூடப் போகிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். லீவில் வரும் பிள்ளைகள் தெரிந்த கைத்தொழிலை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இங்குள்ள தம்பி தங்கைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். தாய்மார்களே, எந்த வேலையில் எங்கே வலிக்கிறது, எந்தக் கருவி சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கத்தரித் தட்டும் ஒரு தோள் வலியில்தான் பிறந்தது. அடுத்த யோசனை பிறக்கும்போது அதற்கு இடம் இங்கேயே இருக்க வேண்டும்.